மூட்டை நம் தோளில், கிடங்கு யார் கையில்?

காலை ஏழு மணிக்கு ஆம்பூர் தேசிய நெடுஞ்சாலையில் ஷூ கம்பெனிப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிவரும் பேருந்துகள் அவை. அவற்றுக்கு முன்பே, இருட்டு சரியாக விலகாத நேரத்தில், வேறு சில வண்டிகள் கிளம்பிவிடும். மூன்று சக்கர மிதிவண்டி, பழைய மொபெட், கொஞ்சம் வசதி வந்த வீடு என்றால் ‘குட்டியானை’. முன்னால் கணவன், பின்னால் சாக்குகளின் மேல் மனைவி, பள்ளி விடுமுறை என்றால் கூடவே ஒரு பையன். அட்டை, பால் கவர், இரும்பு, பாட்டில், துண்டுத் தோல் என்று ஊர் கழித்துப் போட்டதை எடுத்துவந்து, பிரித்து, எடை போட்டு விற்கிற குடும்பங்கள் இவை.

இதைத் தொழில் என்று சொன்னால் நம்மிலேயே பலர் முகம் சுளிப்போம். “குப்பை பொறுக்குறாங்க” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் கொள்முதல் உண்டு, தரம் பிரித்தல் உண்டு, சரக்கு இருப்பு உண்டு, கடன் உண்டு, விற்பனை உண்டு. இவ்வளவும் உள்ள ஒன்றுக்குத் தொழில் என்ற பெயர் கிடைக்காமல் போவதற்கு என்ன காரணம்? செய்கிறவர்கள் யார் என்பதுதான் காரணம். இந்தப் பக்கத்தில் அதைப் பேசாமல் வேறெங்கே பேசுவது?

பாலாற்றங்கரையில் தோல் பதனிடுதல் ஒரு நூற்றாண்டைத் தாண்டிய தொழில். ஆம்பூரும் வாணியம்பாடியும் 2019-க்குப் பிறகு திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கின்றன. ராணிப்பேட்டை தனி மாவட்டமாகிவிட்டது, பேரணாம்பட்டு வேலூரோடு நின்றுவிட்டது. மாவட்டக் கோடுகள் மாறினாலும் தோலும் கழிவும் ஒன்றுதான். ஒரு டன் பச்சைத் தோல் டேனரிக்குள் போனால், முடிந்த தோலாக வெளியே வருவது ஏறக்குறைய 200 முதல் 250 கிலோ மட்டுமே என்பது தோல் தொழில்நுட்பம் படித்தவர்கள் எல்லோரும் சொல்லும் கணக்கு. மற்றது உப்பாகவும், முடியாகவும், சவ்வாகவும், ஓரம் வெட்டிய துண்டுகளாகவும், சீவிய தூளாகவும், கழிவுநீரில் கரைந்த சகதியாகவும் போகிறது. ஏற்றுமதியாகும் ஒவ்வொரு ஜோடி ஷூவுக்குப் பின்னாலும் அதைவிடக் கனமான ஒரு மூட்டை இங்கேயே தங்கிவிடுகிறது. அந்த மூட்டையைத் தூக்கியவர்கள் பெரும்பாலும் நம் தெருக்காரர்கள்.

இந்த மூட்டைகளுக்குள்ளும் தரம் உண்டு. பச்சைத் தோலின் அடியில் ஒட்டியிருக்கும் சவ்வும், குரோமியம் ஏறாத ஓரத் துண்டுகளும் வஜ்ஜிரத்துக்குப் போகும். தச்சுப் பட்டறையில் மரத்தை ஒட்டும் வஜ்ஜிரம் தோலிலிருந்து வருவது எத்தனை பேருக்குத் தெரியுமோ! நாய்கள் கடித்து விளையாடும் எலும்பு வடிவப் பண்டங்களும் குரோமியம் படாத தோல் துண்டுகளிலிருந்து வருபவைதான். குரோமியம் ஏறிய தோலைச் சீவும்போது விழும் நீலச் சீவலை அரைத்து, பசை சேர்த்து, அழுத்தினால் லெதர் போர்டு ஆகிறது. ஷூவின் உள்ளட்டைக்குப் பயன்படும். ஷூ கம்பெனி வெட்டும் பிரிவில் மிஞ்சும் துண்டுகளை அளவு பார்த்துப் பிரித்தால், கையகலத் துண்டு பர்ஸுக்கும் சாவிக்கொத்துக்கும், அதைவிடப் பெரியது வெல்டிங் கையுறைக்கும் ஆகும். எதற்கும் உதவாதது என்று கடைசியில் நிற்பது மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில்தான் ஆபத்து இருக்கிறது, அதற்குப் பிறகு வருவோம்.

பிளாஸ்டிக் பக்கம் வந்தால், காயலான் கடையில் எல்.டி., எச்.எம்., பி.பி., பெட் என்று தனித்தனி மொழியே பேசுவார்கள். கலவையாகக் கொடுத்தால் ஒரு விலை, பிரித்துக் கொடுத்தால் வேறு விலை. பள்ளிக்கூடமே பார்க்காத ஒரு பாட்டி கவரை விரலிடையில் கசக்கிப் பார்த்து, சத்தத்தை வைத்தே இது எந்த ரகம் என்று சொல்லிவிடுவாள். கல்லூரியில் பாலிமர் படிக்கும் நம் பிள்ளைகள் ஒருநாள் அந்தப் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ‘குடும்பத் தொழில்’ என்ற சொல் இனிமையாக இருக்கிறது. கணக்கைப் பிரித்துப் பார்த்தால் அவ்வளவு இனிமை இல்லை. வண்டி ஓட்டுவது ஆண், கடையில் பணம் வாங்குவதும் ஆண். கிடங்கின் ஓரத்திலோ வீட்டு வாசலிலோ உட்கார்ந்து பிரிக்கும் வேலை பெண்ணுடையது. சரக்கின் விலையைக் கூட்டுவது அந்தப் பிரிப்பு வேலைதான். ஆனால் அதற்குக் கூலி என்று எந்த வீட்டிலும் எழுதிவைப்பதில்லை. சோறு வடித்துவிட்டு உட்காரும் வேலை என்பதால் அதுவும் அடுப்படிக் கணக்கில் போய்விடுகிறது. சனி, ஞாயிறு என்றால் மகளும் உட்காருகிறாள். ஆம்பூர் வட்டாரத்தில் வீட்டில் உட்கார்ந்து ஷூ மேல்தோல் தைக்கும் பெண்களின் கதையும் இதேதான். அவர்களுக்காவது ஜோடிக்கு இவ்வளவு என்று ஒரு கூலி உண்டு.

கிடங்குக்காரரின் தராசு

தொழில் எங்கே உடைகிறது? மூட்டை கிடங்கைத் தொடும் இடத்தில். சேகரிப்பவருக்கு முதலீடு கிடையாது. கிடங்குக்காரர் முன்பணம் கொடுப்பார். முன்பணம் வாங்கியவர் வேறு கடைக்குச் சரக்குப் போட முடியாது. விலை அவர் சொன்னது, தராசும் அவருடையது. மழைக்காலத்தில் அட்டை நனைந்தது என்று எடையில் கழிப்பார். நனையாமல் வைக்க நமக்குக் கூரை கிடையாது. வண்டி பழுதானால் தண்டல்காரரிடம் போக வேண்டும். காலையில் வாங்கிய பணத்துக்கு மாலையிலிருந்தே தவணை ஓடத் தொடங்கும்.

இரண்டு வாரம் சரக்கைத் தேக்கிவைத்து நல்ல விலைக்கு விற்க ஒரு கொட்டகை போதும். கொட்டகைக்கு நிலம் வேண்டும். நிலம் என்றவுடன் பேச்சு வேறு பக்கம் போய்விடும். செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் தந்த அறிக்கையின் பேரில் 1892-ல் நம் மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் எங்கே போனது என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். காலனி வீட்டுமனை இரண்டு பேர் கால் நீட்டிப் படுக்கும் அகலம். அதில் எங்கே மூட்டை அடுக்குவது? தெருவில் அடுக்கினால் புகார் வருகிறது. ஊர்த் தெருவில் கிடங்கு வாடகைக்குக் கேட்டால், என்ன சரக்கு என்பதற்கு முன் என்ன ஆட்கள் என்ற கேள்வி வருகிறது.

நம் உறவுக்காரக் குடும்பம் ஒன்று, அட்டைகளை அழுத்திக் கட்டும் எந்திரம் வாங்க ஒரு வங்கிக் கிளைக்குப் போனது. பத்து ஆண்டாக இந்த வேலையில் இருப்பவர்கள். “குப்பைக்கெல்லாம் கடன் தரமுடியாதுங்க, மாடு வாங்குறதா இருந்தா சொல்லுங்க” என்று பதில் வந்தது. அவர்கள் மாடு வாங்கவில்லை. அதே சரக்கை வாங்கி விற்கும் பெரிய வியாபாரிக்குக் கடன் கிடைப்பதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

நகராட்சி, மாநகராட்சிக் குப்பை இன்னொரு வழக்கு. 2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பை சேகரிப்போரை அடையாளம் கண்டு உள்ளாட்சியின் வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றன. நடப்பில் ஒப்பந்தப்புள்ளி வருகிறது. ஆண்டு வரவு செலவு இத்தனை கோடி, வைப்புத்தொகை இத்தனை லட்சம் என்று நிபந்தனை வருகிறது. தலைமுறையாகக் குப்பை எடுத்தவன் அந்த வாசலில் நுழையவே முடியாது. எங்கிருந்தோ ஒரு நிறுவனம் நுழைகிறது. நம்மவன் அதனிடம் தினக்கூலி ஆகிறான். சென்னையில் 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன் தூய்மைப் பணியாளர்கள் நாட்கணக்கில் உட்கார்ந்ததும், ஆகஸ்ட் 13 நள்ளிரவில் அவர்கள் அப்புறப்படுத்தப்பட்டதும் இந்தத் தனியார்மயத்தை எதிர்த்துத்தான்.

மகாராஷ்டிரத்தின் புனே நகரம் வேறு வழியில் போனது. அங்கே குப்பை சேகரிப்போர், பெரும்பாலும் தலித் பெண்கள், 1993-ல் சங்கமாகத் திரண்டார்கள். ‘காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்து’ என்று பெயர். காகிதம், கண்ணாடி, தகரம் பொறுக்கும் உழைப்பாளிகளின் பஞ்சாயத்து என்று பொருள். முதலில் அடையாள அட்டைக்குப் போராடினார்கள். பிறகு 2008-ல் ‘ஸ்வச்’ என்ற தங்கள் சொந்தக் கூட்டுறவை அமைத்து, வீடு வீடாகக் குப்பை எடுக்கும் பணியை மாநகராட்சியோடு உடன்படிக்கை போட்டு வாங்கினார்கள். வீட்டுக்காரர்கள் தரும் கட்டணம் அவர்களுக்கு, கிடைக்கும் சரக்கை விற்ற பணமும் அவர்களுக்கு. எல்லாம் சுகமாக நடக்கிறது என்று சொல்ல மாட்டோம். ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் அவர்களும் போராடித்தான் அதைத் தக்கவைத்துக்கொள்கிறார்கள். ஆனாலும் தனித்தனிக் குடும்பமாகக் கிடங்குக்காரரின் முன் நிற்பதற்கும் ஆயிரக்கணக்கானவர்களாக மாநகராட்சியின் முன் நிற்பதற்கும் உள்ள வேறுபாட்டை அங்கே போய்ப் பார்க்கலாம்.

நீலத் தூள்

ஆபத்துக்கு வருவோம் என்றோம். குரோமியத்தில் இரண்டு வகையைத் தெரிந்துகொண்டால் போதும். தோல் பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் கொண்டது, கேடு குறைவு. ஆறு இணைதிறன் கொண்டது புற்றுநோயை உண்டாக்கும். நீலச் சீவலையும் ஷூ துண்டையும் அடுப்பிலோ செங்கல் சூளையிலோ போட்டு எரித்தால், முதல் வகை இரண்டாம் வகையாக மாறக்கூடும். மலிவான விறகு என்று நினைத்து எரிக்கிறோம், புகையைக் குழந்தைகள் சுவாசிக்கிறார்கள், சாம்பலை வாசலில் கொட்டுகிறோம். இதை மட்டும் வாசகர்கள் வீட்டுக்கு வீடு சொல்ல வேண்டும்: தோல் துண்டை எரிக்காதீர்கள். வங்கதேசத்தில் குரோமியம் ஏறிய தோல் கழிவைக் கோழித் தீவனத்திலும் மீன் தீவனத்திலும் சேர்த்தார்கள். 2011-ல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அந்த ஆலைகளை மூடச் சொன்னது. கழிவை விற்பவருக்கு அது எங்கே போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

ஆறு இணைதிறன் குரோமியம் என்ன செய்யும் என்பதற்கு நாம் வங்கதேசம் வரை போக வேண்டியதில்லை. ராணிப்பேட்டை சிப்காட்டில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1995-ல் மூடப்பட்டது. ஆலை போனது, லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு மலைபோல் அங்கேயே கிடந்தது. மழை பெய்தால் மஞ்சளாக ஓடியது. 2006-ல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது ராணிப்பேட்டையும் அதில் இருந்தது. நம் மாவட்டத்துக்கு உலகப் புகழ் வந்த விதம் அது.

அதே சிப்காட்டில் 2015 ஜனவரி 31 அதிகாலை, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சகதித் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து டேனரி வளாகத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் கழிவு பாய்ந்து 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள். நம்மவர்கள் மெல்ல விலகிய வேலைக்கு அவர்கள் வந்திருந்தார்கள். தூங்கும் இடத்துக்கும் சகதிக்கும் இடையில் இருந்தது ஒரு சுவர்.

தொட்டிக்குள் இறங்குவது பற்றியும் ஒரு வார்த்தை. முடி நீக்கச் சோடியம் சல்பைடு போட்ட நீரும், பிறகு வரும் அமில நீரும் ஒரே தொட்டியில் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் முதலில் வரும். செறிவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. “நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்” என்று நினைப்பவர்தான் சாகிறார், அவரைத் தூக்க இறங்கும் தம்பியும் சாகிறார். குடும்பமாக வேலைக்குப் போவதன் கொடுமை அது. மனிதரைக் கழிவுநீர்த் தொட்டியில் இறக்குவதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. சாக்கடையிலும் தொட்டியிலும் இறந்தவர்களின் குடும்பத்துக்கான இழப்பீட்டை 2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. இறங்கச் சொன்னால் மறுப்பதற்கு நமக்கு உரிமை உண்டு என்பதைத்தான் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டும்.

நீதிமன்றம் என்றதும் நினைவுக்கு வருகிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை நாடெங்கும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். மாசு செய்தவரே ஈடு தரவேண்டும் என்ற கொள்கை இந்திய மண்ணில் உறுதியாக ஊன்றப்பட்டது நம் பாலாற்றின் பேரால்தான். தோல் பட்டையில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாக அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. அந்தத் தீர்ப்பைத் திறந்து பார்க்கும் மாணவர்கள் இன்னொன்றையும் கவனிப்பார்கள்: அப்போது நம் மாவட்டத்தின் பெயர் ‘வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்’. அந்தப் பெயர் பிறகு போய்விட்டது. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டு, விடுபட்டவர்களுக்கு இழப்பீட்டை வழங்கவும், மேற்பார்வைக்கு ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் உத்தரவிட்டது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் நடுவே ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்துவிட்டது. இழப்பை நிலம், கிணறு என்று அளந்தால், இரண்டும் இல்லாமல் அந்த நிலத்தில் கூலிக்குப் போனவனின் இழப்பு எந்தக் கோலிலும் அளக்கப்படாது. நிலம் கெட்டபோது அவன் கூலி போனது. கூலி போனவன் எங்கே போனான்? டேனரிக்கு, இல்லையென்றால் மூட்டைக்கு.

விடுவதா, வைத்துக்கொள்வதா?

நம் வீடுகளில் ஓயாத வாக்குவாதம் ஒன்று உண்டு. இந்தத் தொழிலையே தலைமுழுகிவிட வேண்டும் என்பது ஒரு கட்சி. அதற்குப் பெரிய வரலாறு இருக்கிறது. 1927 மார்ச்சில் மகாட் மாநாட்டில், செத்த மாட்டின் இறைச்சியை விடுங்கள், இழிவைச் சுமத்தும் பழக்கங்களை உதறுங்கள் என்று அண்ணல் அம்பேத்கர் கேட்டுக்கொண்டார். 2016 ஜூலையில் குஜராத்தின் உனாவில் செத்த மாட்டின் தோலை உரித்த நம் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தபோது, அங்குள்ள தலித் மக்கள் செத்த மாடுகளைக் கொண்டுபோய்ச் சுரேந்திரநகர் ஆட்சியர் அலுவலகத்தில் போட்டார்கள். உங்கள் மாடு, நீங்களே எடுங்கள் என்பதைவிடத் தெளிவான பதில் உண்டா?

மறு கட்சியும் நம்மவர்கள்தான். இருபது வருஷம் நாற்றத்தில் நின்று கற்ற தொழில், இப்போது அதற்கு ‘மறுசுழற்சி’ என்று அழகான பெயர் வந்து, பணம் புரளத் தொடங்கியிருக்கிறது. இப்போது போய் விட்டுவிடுவதா, மேல்சாதிக்காரர் எந்திரம் வைத்து நடத்தும்போது அதே ஆள் ‘தொழில்முனைவோர்’ ஆகிவிடுகிறாரே என்று கேட்கிறார்கள். நாற்றம் சரக்கில் இல்லை, சாதியில் இருக்கிறது என்பது அவர்கள் வாதம்.

நமக்கு இரண்டு பக்கமும் மறுக்க முடியாததாகத் தெரிகிறது. ஆனால் ஒரு கோட்டைக் கிழித்துக்கொள்ளலாம். மகனோ மகளோ வேறு வேலைக்குப் போக வழி திறந்திருந்து, அதன்பிறகும் இதை எடுத்து நடத்தினால் அது குடும்பத் தொழில். வேறு வழியே இல்லாமல் மூட்டை கைமாறினால் அது குலத்தொழில். 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லித் தமிழ்நாடு ஏன் எதிர்த்தது என்பதைத் தாத்தாக்களிடம் கேட்டால் இந்தக் கோடு விளங்கும்.

வழி திறக்கிற காரியங்கள் சில உண்டு, சுருக்கமாகச் சொல்கிறோம். தமிழ்நாடு அரசு 2023-ல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில், ஆதிதிராவிடர், பழங்குடியினர் நடத்தும் தொழில்களுக்கு முதலீட்டில் 35 சதவீதம் மானியம் (உச்சவரம்பு 1.5 கோடி ரூபாய்), கடன் வட்டியில் 6 சதவீதம் சலுகை. உற்பத்தி, வணிகம், சேவை மூன்றுக்கும் உண்டு; படிப்புத் தகுதி கேட்பதில்லை; வயது 55 வரை. அட்டை அழுத்தும் எந்திரமும் பிளாஸ்டிக் அரைக்கும் எந்திரமும் உற்பத்தி, சேவை என்ற சொற்களுக்குள் வராமல் எங்கே போகும்? மாவட்டத் தொழில் மையத்தில் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும். ஒன்றிய அரசின் ‘நமஸ்தே’ திட்டத்தில் 2024 முதல் குப்பை சேகரிப்போரும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். பெயர்ப் பதிவு நடக்கும்போது, “நாங்க அந்த வேலையெல்லாம் செய்யறதில்லை” என்று வெட்கப்பட்டுத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

வெட்கம் என்றதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தோல் பதனிடுவோர், தோல் உரிப்போர், குப்பை சேகரிப்போர் ஆகியோரின் பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்பு வரை தனிக் கல்வி உதவித்தொகை இருக்கிறது. சாதி, மத வரம்பு இல்லை, வருமான வரம்பும் இல்லை. வீட்டிலிருந்து படித்தால் ஆண்டுக்கு 3,500 ரூபாய், விடுதி என்றால் 8,000. அதற்குப் பெற்றோரின் தொழிலைச் சொல்லும் சான்று வேண்டும். நம் தெருவில் அந்தச் சான்றை வாங்கிவந்த பெண்பிள்ளை ஒருத்தி, தலைமை ஆசிரியரிடம் கொடுக்கும்போது தாளை நான்காக மடித்து உள்ளங்கையில் மறைத்துக் கொடுத்தாள். இந்த ஆண்டு அவள் ஒன்பதாம் வகுப்பு. விண்ணப்பத்தை இன்னும் ஒருமுறை நிரப்ப வேண்டியிருக்கிறது. தந்தையின் தொழில் என்ற கட்டத்தில் ‘பழைய பொருள் வியாபாரம்’ என்று எழுதலாமா, எழுதினால் உதவித்தொகை கிடைக்காமல் போய்விடுமா என்று நம்மிடம் கேட்டாள். அவள் அப்பா வாசலில் மூட்டையைத் தைத்துக்கொண்டிருந்தார், கோணி ஊசியை நிறுத்திவிட்டு எங்கள் பக்கம் பார்த்தார்.